மூக்கைத் தூக்குவதா, வாலைப் பலப்படுத்துவதா? வி-கிராஸுக்கும் ஹைலக்ஸுக்கும் எந்த சஸ்பென்ஷன்

காலியாக நிற்கும் இசுஸு வி-கிராஸையோ டொயோட்டா ஹைலக்ஸையோ பக்கவாட்டில் நின்று பாருங்கள். வால் தூக்கி, மூக்கு தாழ்ந்திருக்கும். அது கோளாறு அல்ல. லோடு பாடியில் பாரம் ஏறியதும் வண்டி மட்டமாக உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பின்பக்கப் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) அப்படி வளைத்து அனுப்புகிறார்கள். பாரம் ஏற்றாமலே ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது கண்ணை உறுத்துகிறது. உடனே முன்பக்கத்துக்கு உயரம் கூட்டும் வளையமான ஸ்பேசர் ஒரு ஜோடி வாங்கிப் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பின்னால் கேனப்பி (லோடு பாடியை மூடும் கூண்டு), டிராயர், ஃபிரிட்ஜ், கூடாரம் எல்லாம் ஏறியதும் இப்போது மூக்கு வானத்தைப் பார்க்கிறது. செலவு இரண்டாவது முறை.

அதனால் எந்தக் கிட் நல்லது என்பதை விட, வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு எடை இருக்கப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தெரிவுகள் தானாகவே கழிந்துவிடும்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பது பழக்கமாகிவிட்டது. அதில் டயர் காற்றும் டயர் தேய்மானமும் கலந்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். சமதரையில் வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திய பிறகு அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் சஸ்பென்ஷன் இன்னும் உட்கார்ந்திருக்காது, அளவு தப்பாக வரும். டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸின் 80 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டுமே 65 கிலோவைத் தாண்டும்.

இந்த அளவு எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்லுமே தவிர, வண்டி மட்டமா என்பதைச் சொல்லாது. முன் மட்கார்டும் பின் மட்கார்டும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை அல்ல. மட்டம் பார்க்க வேண்டிய இடம் சேஸிஸ் சட்டம், அல்லது கதவுக்கடியில் ஓடும் விளிம்பு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமோ, போனில் உள்ள சாய்வுமானியோ போதும். வி-கிராஸின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 3,095 மி.மீ., ஹைலக்ஸுடையது 3,085. இந்த நீளத்துக்கு 1 டிகிரி சாய்வு என்பது ஏறக்குறைய 54 மி.மீ. உயர வித்தியாசம். போன் அரை டிகிரி காட்டினால் 27 மி.மீ. தூக்கினால் மட்டம்.

ஆனால் காலி வண்டியை முழு மட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். பின்பக்கம் 10 முதல் 15 மி.மீ. உயர்ந்தே இருக்கட்டும். இரண்டு பேர் பின் சீட்டில் உட்கார்ந்து நான்கு மூட்டை ஏறினால் அந்த 15 மி.மீ. காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு மூக்கு தூக்கிய வண்டியில் முன் சக்கரத்தின் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாகும், பிரேக் தூரம் கூடும். அமெரிக்காவில் இதையே அலங்காரமாக எண்ணி மூக்கை மட்டும் உயரத் தூக்கி ஓட்டும் ஒரு மோகம் இருந்தது. முன் மட்கார்டு பின் மட்கார்டை விட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று வட கரோலினா மாநிலம் 2021-இல் சட்டமே போட்டது. ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

முன்பக்கம்: மூன்று வழி, மூன்று வேறு இயற்பியல்

இரண்டு வண்டிகளிலும் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காரும். சக்கரமோ ஆர்மின் நுனியில் இருக்கிறது. இந்த அமைப்பால் ஸ்ட்ரட்டில் 10 மி.மீ. கூட்டினால் சக்கரத்தில் 17 முதல் 20 மி.மீ. வரை உயரும். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. 30 மி.மீ. உயரம் வேண்டும் என்று 30 மி.மீ. தடிமன் ஸ்பேசர் வாங்கினால் வண்டி 50 மி.மீ.க்கு மேல் எழும்பிவிடும். விற்பவரிடம் கேட்க வேண்டியது "தடிமன் எவ்வளவு, சக்கரத்தில் எவ்வளவு ஏறும்" என்ற இரண்டையும் தனித்தனியாக.

மேல் ஸ்பேசர் என்பது ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸ் கோபுரத்துக்கும் இடையில் போடும் வளையம். ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை, ஒரு நாளில் வேலை முடியும், விலையும் பெரும்பாலும் ஒரு நல்ல டயருக்குள் அடங்கிவிடும். இதில் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, சாதாரண ஓட்டத்தில் சொகுசும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். இவ்வளவு நல்லதாக இருந்தால் வில்லங்கம் எங்கே? இரண்டு கோடிகளில். ஸ்ட்ரட் முழுவதும் கீழே தள்ளப்பட்டிருப்பதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தொழிற்சாலை நிர்ணயித்த எல்லையையும் தாண்டிக் கீழே போகும். அப்போது முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட் அதிகமாக மடங்கும், ஆர்மையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையை முட்டும், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசும். மறு கோடியில், சக்கரம் முழுதாக மேலே போகும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஷாக்கோ ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கூடுதலாக அமுங்க வேண்டியிருக்கிறது. தடிமன் அதிகமானால் ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக்குக்குள் உலோகம் உலோகத்தை அடிக்கும். தெரியாத வேகத்தடையில் "டங்" என்று அடித்து, சில மாதத்தில் ஷாக் எண்ணெய் கசிவது இதனால்தான்.

ஆகவே மேல் ஸ்பேசருக்கு எங்கள் எல்லை 15 மி.மீ. தடிமன், அதாவது சக்கரத்தில் 25 முதல் 30 மி.மீ. மட்டப்படுத்த இது போதும். அதற்கு மேல் உயரம் வேண்டுமானால் ஸ்பேசர் உங்களுக்கான பொருள் அல்ல.

இரண்டாவது வழி ப்ரீலோட் ஸ்பேசர். ஸ்ட்ரட்டைப் பிரித்து, ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் தட்டுக்கும் இடையில் போடுவது. பில்ஸ்டைன் 5100 போன்ற ஷாக்குகளில் தட்டின் உயரத்தை வளையம் மாட்டும் பள்ளங்களால் மாற்றுவதும் செயலில் இதே வகைதான். ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி வண்டியைத் தூக்குகிறது, ஆனால் ஸ்ட்ரட்டின் முழு நீளம் மாறுவதில்லை. சக்கரம் தொங்கும் எல்லை தொழிற்சாலை எல்லையிலேயே நிற்கும் என்பதால் சி.வி. ஜாயின்ட்டுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் புதிய ஆபத்து இல்லை. இழப்பது கீழ்நோக்கிய பயணம். 30 மி.மீ. தூக்கினால், நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் கீழே இறங்கக்கூடிய தூரத்தில் 30 மி.மீ. போய்விட்டது. வேகத்தடையைக் கடந்து வண்டி எழும்பும்போது ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு "டக்" என்று நிற்கும். இதைக் கேட்டுத்தான் "ஸ்பேசர் போட்டதும் ஸ்பிரிங் கல்லாகிவிட்டது" என்கிறார்கள். ஸ்பிரிங் கல்லாகவில்லை, எட்டிக் கீழே இறங்க இடமில்லாமல் போய்விட்டது.

இரண்டில் ஒன்று என்றால்? தார் ரோட்டிலும் தோட்டத்துப் பாதையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு மெல்லிய மேல் ஸ்பேசரே சொகுசு. ஆற்றுமணல், பாறை என்று சக்கரம் அடிக்கடி தொங்கும் இடங்களுக்குப் போகிறவர்களுக்கு மேல் ஸ்பேசர் ஆகாது. அவர்களுக்கு ப்ரீலோட் ஸ்பேசரும் திருப்தி தராது, ஆனால் எதையும் உடைக்காது. இரண்டையும் சேர்த்துப் போடுவதும், ஏற்கெனவே உயரமான ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைப்பதும் வேண்டவே வேண்டாம். பால் ஜாயின்ட் தன் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு சக்கரம் படுத்துவிடும் அளவுக்குப் போன சேர்க்கைகள் உண்டு.

மூன்றாவது வழி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடியாக மாற்றுவது. ஓல்ட் மேன் இமு, அயர்ன்மேன், டஃப் டாக், ப்ரொஃபெண்டர் எல்லாம் இந்த வகையில் விற்பவை. ஷாக்கின் நீளமும் உள்வால்வும் புதிய உயரத்துக்கேற்ப அமைந்திருப்பதால் மேலும் கீழும் பயணம் சமமாகப் பங்கிடப்படும். நான்கு சக்கரத்துக்குமாக வாங்கினால் செலவு பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். 40 மி.மீ. வரை தூக்க விரும்புகிறவர்களுக்கு இதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

இங்கே தமிழ்நாட்டு வாங்குநர் தடுமாறும் ஒரு இடம் உண்டு. இந்தக் கம்பெனிகள் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று கடினத்தில் முன் ஸ்பிரிங் தருகின்றன: வெறும் வண்டிக்கு, எஃகு புல் பார் (முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பி) உள்ள வண்டிக்கு, புல் பாரோடு வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) உள்ள வண்டிக்கு என்று. ஆஸ்திரேலியாவில் புல் பார் சர்வசாதாரணம் என்பதால் அந்த வகைகளே அதிகம் பேசப்படும். இந்தியாவிலோ 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பி இத்தகைய தடுப்புக் கம்பிகளைத் தடை செய்துவிட்டது. முன்னால் 50, 60 கிலோ எஃகு இல்லாத வண்டிக்கு அந்த எடைக்கான ஸ்பிரிங்கைப் போட்டால் எதிர்பார்த்ததை விட 15 முதல் 20 மி.மீ. கூடுதலாக எழும்பும், சிறு குழிகளிலெல்லாம் குதிக்கும், சக்கரம் எப்போதும் தொங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே ஓடும். "கனமானது, எப்போதும் உழைக்கும்" என்று கடைக்காரர் சொன்னாலும் லேசான வகையையே கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கம்பெனி கேள்வி எழுப்பலாம். வாரண்டியில் இருக்கும் வண்டியில் சி.வி. பூட் (சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை) கிழிந்தாலோ ஸ்டீயரிங் சத்தம் வந்தாலோ ஷோரூம் கையை விரிக்கலாம். கழற்றிய பழைய ஸ்ட்ரட், பட்டை எதையும் விற்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

முன்னால் காயில் இல்லாத பழைய வண்டிகள் வேறு கதை. 2012-க்கு முந்தைய தலைமுறை டி-மேக்ஸ், டாடா ஜீனான், இலங்கையில் இன்னும் உழைக்கும் பழைய ஹைலக்ஸ், எல்200 டபுள் கேப்கள் பலவற்றில் காயிலுக்குப் பதில், முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பி இருக்கும். சரிக்கட்டும் போல்ட்டை முறுக்கினால் காசு செலவின்றி மூக்கு எழும்பும். இதுவும் ப்ரீலோட் மாதிரியேதான், கீழ்ப்பயணத்தைத் தின்னும். 25 மி.மீ. வரை முறுக்கலாம். முறுக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பாரத்தை இறக்கிவிடுங்கள், இல்லையேல் போல்ட்டின் மரை வழுக்கிவிடும். முறுக்கிய சுற்றுகளை இரு பக்கமும் எண்ணிக் குறித்து வையுங்கள்.

பின்பக்கம்: தூக்குவது வேறு, தாங்குவது வேறு

மட்டப்படுத்துவது மட்டுமே நோக்கம், பின்னால் எதுவும் நிரந்தரமாக ஏறப்போவதில்லை என்றால் பின்பக்கத்தைத் தொடாதீர்கள். பட்டை ஒன்றை உருவிவிட்டு வாலைத் தாழ்த்தும் யோசனை சிலருக்கு வரும். தாங்கும் வலு போய்விடும், மிச்சப் பட்டைகள் அந்தப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் தொய்ந்துவிடும்.

பட்டையின் பின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக மாற்றுவது மிக மலிவு. ஷேக்கிள் 40 மி.மீ. நீண்டால் வண்டி அதில் பாதி, 20 மி.மீ. எழும்பும். பாரம் தாங்குவதில் ஒரு கிலோகூடக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் கூடும், ஆக்ஸிலின் மூக்கு சற்றே திரும்பி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையில் வைக்கும் கட்டையும் அப்படியே: உயரம் மட்டும் தரும், வலு தராது. மேலும் கட்டை உயர உயர, புறப்படும் வேகத்தில் ஆக்ஸில் முறுக்கிப் பட்டையை 'எஸ்' போல வளைக்கும். ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்குவது எந்த வண்டியிலும் கூடாது. கேபினுக்கும் சேஸிஸுக்கும் இடையில் கட்டை வைக்கும் பாடி லிஃப்ட் இந்தக் கணக்கிலேயே வராது. சேஸிஸ் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

கூடுதல் பட்டை சேர்ப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் வேலை. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் அரை நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது சேர்க்கும் பட்டையின் நீளம். குட்டையான, தடித்த ஒற்றைப் பட்டை சேர்த்தால் உயரம் உடனே கிடைக்கும், ஆனால் அந்தப் பட்டை முடியும் இடத்தில் அதன் மேலுள்ள பட்டை கூர்மையாக மடங்கத் தொடங்கும். சில மாதத்தில் சரியாக அந்த இடத்தில்தான் அது ஒடியும். நீளமான, மெல்லிய, பழைய அடுக்கின் வளைவோடு ஒத்துப்போகும் பட்டையைச் சேர்த்து, நுனிகளுக்கிடையில் உராய்வுத் தகடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

புதுப் பட்டை வாங்காமல் பழையதையே வளைவு ஏற்றித் தரும் பட்டறைகளும் உண்டு. குளிர்ந்த நிலையில் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவு பாரம் ஏற ஏறத் திரும்பத் தொய்யும். அடுப்பில் சூடாக்கி வளைத்தால் எஃகின் பதமே போய்விடும். மறுபடி எண்ணெயில் குளிர்வித்து, அளவான சூட்டில் பதம் ஏற்றும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் இருக்காது.

ஏர் பேக் பலருக்குக் கவர்ச்சி. ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் ஒரு காற்றுப் பை. பாரம் ஏறினால் காற்றை ஏற்று, இறங்கினால் இறக்கு. வாரம் இரண்டு நாள் பாரம், ஐந்து நாள் காலி என்று ஓடும் வண்டிக்கு இதைப் போலப் பொருத்தமானது இல்லை. காலியாக ஓடும்போதும் பொதுவாக 5 பி.எஸ்.ஐ.யாவது வைத்திருக்க வேண்டும், இல்லையேல் பை மடிந்து உராய்ந்து கிழியும். இடது வலது பைகளுக்குத் தனித்தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் திருப்பத்தில் வெளிப்பக்கப் பையின் காற்று உள்பக்கப் பைக்கு ஓடி வண்டியை இன்னும் சாய்க்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஏர் பேக்கின் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. லீஃப் ஸ்பிரிங் பாரத்தைச் சேஸிஸின் இரண்டு இடங்களில், முன் கொக்கியிலும் பின் ஷேக்கிளிலும் பிரித்துக் கொடுக்கிறது. ஏர் பேக் அதை ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. ஆக்ஸிலுக்குப் பின்னால் கனத்த சாமான் தொங்கிக்கொண்டிருக்க, பையில் காற்றை ஏற்றி மட்டமாக்கிக் கரடுமுரடான பாதையில் ஓட்டினால் சேஸிஸ் அந்தப் புள்ளியிலேயே வளையும். ஆஸ்திரேலியாவில் முகாம் வண்டிகளாக மாற்றிய டபுள் கேப் பிக்கப்களில் சேஸிஸ் வளைந்தது நன்கு தெரிந்த விஷயம். வண்டி மட்டமாக நிற்பதால் பாரம் அளவோடு இருக்கிறது என்ற மயக்கமும் வரும். ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடையை ஏர் பேக் ஒரு கிலோகூட உயர்த்தாது.

முழு பட்டைத் தொகுப்பையே மாற்றுவது கடைசி வழி. இவை நிரந்தர எடையை வைத்து விற்கப்படுகின்றன: காலி வண்டிக்கு, 300 கிலோ வரை, 500 கிலோ என்பது போல. பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 500 கிலோ தொகுப்பைக் காலி வண்டியில் போட்டால் பின்பக்கம் கல் மாதிரி குதிக்கும். மழையில் திருப்பத்தில் பின் சக்கரம் வழுக்கும். வால் முன்பை விடத் தூக்கி நிற்கும், அதாவது மட்டப்படுத்தத் தொடங்கிய வேலை தலைகீழாகும். எடைமேடையில் வண்டியை ஏற்றி, நிரந்தரச் சாமானோடு பின் ஆக்ஸிலின் எடையைப் பார்த்து, காலியாக இருந்தபோதைய எடையைக் கழித்து வரும் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஊருக்கு ஊர் எடைமேடை இருக்கும்போது இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது புதிர்தான்.

பட்டை கடினமானால் ஷாக்கும் மாற வேண்டும். பழைய ஷாக்கால் புதுப் பட்டையின் துள்ளலை அடக்க முடியாது. வேகத்தடைக்குப் பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். பின்பக்கம் 40 மி.மீ. எழும்பிய பிறகு பழைய நீளத்து ஷாக்கே இருந்தால், சக்கரம் தொங்குவதை நிறுத்தும் கயிறாக அந்த ஷாக் மாறி அதன் புஷ் கிழியும்.

யாருக்கு எது

நகரத்தில் குடும்ப வண்டியாக ஓட்டுகிறீர்கள், பின்னால் ஏறுவது வார இறுதிப் பைகள் மட்டும்: முன்னால் 12 முதல் 15 மி.மீ. மேல் ஸ்பேசர், பின்பக்கம் அப்படியே. இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

கேனப்பி, டிராயர், ஃபிரிட்ஜ் என்று 150 கிலோவுக்கு மேல் எப்போதும் இருக்கிறது: முன்பக்கத்தைத் தொடுவதற்கு முன் பின்பக்கம். பல சமயம் அந்தச் சாமான் ஏறியதாலேயே வண்டி மட்டமாகியிருக்கும், முன்னால் எதுவும் செய்ய வேண்டியதே வராது. நீளமான கூடுதல் பட்டை அல்லது 300 கிலோ தொகுப்பு போட்டு, 500 கி.மீ. ஓட்டி, மறுபடி அளந்து, அதன் பிறகு முன்பக்கத்தை முடிவு செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் இரண்டு முறை செலவழிப்பவர்கள்.

வாழைத்தார், தீவனம், சிமென்ட் என்று ஒரு நாள் பாரம், மறுநாள் காலி: ஏர் பேக். பாரத்தை ஆக்ஸிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி அடுக்கும் பழக்கத்தோடு.

காட்டுப் பாதையே வாழ்க்கை என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங், ஷாக் ஜோடி. உயரம் 40 மி.மீ.யில் நிற்கட்டும். 50-ஐத் தாண்டினால் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும், முன் டிஃபரன்ஷியலைத் தாழ்த்தும் கட்டைகள் வேண்டிவரும், சி.வி. பூட் அடிக்கடி கிழியும். இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும்: சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் பின் டிஃபரன்ஷியலின் அடிவயிறு ஒரு மி.மீ.கூட உயராது, அது சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டும். வி-கிராஸின் 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ.; 265/65 ஆர்18 போட்டால் 802. கிளியரன்ஸ் 19 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். பாறையில் அடிபடுவது பின் ஆக்ஸில் என்றால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் டயர் கடை.

பொருத்தும்போது கெடுப்பவை

முன்பக்கம் வேலை செய்யும்போது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கிச் சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் மல்லுக்கு நிற்கும். அதன் இரண்டு லிங்கையும் முதலிலேயே கழற்றிவிடலாம். ஏ.பி.எஸ். வயர், பிரேக் ஹோஸ் பிடிகளை விடுவித்த பிறகே மேல் பால் ஜாயின்ட்டைத் தட்டிப் பிரிக்க வேண்டும். பிரிந்ததும் சக்கரத் தாங்கி வெளியே சாயும். அதைக் கயிற்றால் கட்டாமல் விட்டால் அதன் முழு எடையும் பிரேக் ஹோஸில் தொங்கும், சி.வி. ஜாயின்ட்டும் இழுபட்டுப் பிரியலாம். மாட்டும்போது ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும்.

ப்ரீலோட் ஸ்பேசரோ புது ஸ்பிரிங்கோ என்றால் ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டும். அமுங்கிய காயிலுக்குள் ஆளைக் கொல்லும் விசை இருக்கிறது. கொக்கி வகைக் கையடக்க கம்ப்ரஸரை நம்பாமல், சுவரில் அல்லது மேசையில் பதித்த கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிரிப்பதற்கு முன் தலையிலுள்ள மூன்று போல்ட்டுக்கும் கீழ்க் கண்ணுக்கும் உள்ள திசையைப் பெயின்ட்டால் குறியுங்கள். ஷாக்கின் உச்சி நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் திருகினால் தண்டு சுழன்று சீல் கெடும், புது ஷாக் முதல் மாதமே கசியும்.

மிக அதிகமாக நடக்கும் தவறு ஆர்ம் போல்ட்டுகளையும் பட்டைக் கண் போல்ட்டுகளையும் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்குவது. புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையில் பிணைந்துவிடும்; வண்டியைத் தரையில் இறக்கியதும் எப்போதும் முறுக்கியபடியே இருந்து கிழியும். உயரமும் 5, 10 மி.மீ. பொய்யாகக் காட்டும். கையால் மட்டும் முடுக்கி, தரையில் இறக்கி, பம்பரை அழுத்தி ஆட்டி, வண்டி உட்கார்ந்த பிறகே இறுதி இறுக்கம்.

பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் பின்பக்க யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை முழு இறுக்கத்தில் இழுபட்ட மரை மறுமுறை பிடிமானம் தராது. குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 500 கி.மீ. கழித்து மீண்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸிலே நகர்ந்துவிடும். சில மாடல்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு அது. பின்பக்கம் உயர்ந்ததும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அடியில் குனிந்து பாருங்கள். இருந்தால் அதன் பிடியையும் அதே அளவு உயர்த்த வேண்டும். முதல் கியரில் புறப்படும்போது மட்டும் அடியில் அதிர்வு வந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங் கோணம் கெட்டிருக்கிறது. பேரிங் பிடிக்கு 10 மி.மீ. அளவில் வாஷர் கொடுத்துத் தாழ்த்தினால் பெரும்பாலும் அடங்கும்.

வீல் அலைன்மென்ட் அன்றே ஒரு முறை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு 500 கி.மீ.யில் இன்னொரு முறை. டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்புகிற கடையில் விடாதீர்கள், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) எண்ணைக் காகிதத்தில் வாங்குங்கள். மூக்கு உயர்ந்ததும் காஸ்டர் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நேராகாமல் அலைவது அதனால்தான். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டில் சரிக்கட்டியும் தொழிற்சாலை எல்லைக்குள் வரவில்லை என்றால் உயரம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

கடைசியாக ஹெட்லைட். லோ பீம் பொதுவாக 1 சதவீதம் கீழே பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கும், அதாவது 10 மீட்டரில் 10 செ.மீ. சரிவு. 3,095 மி.மீ. வீல்பேஸில் மூக்கை 30 மி.மீ. தூக்கினால் வண்டியின் சாய்வு 0.97 சதவீதம் மாறுகிறது. லோ பீமின் சரிவு முழுவதும் அதிலேயே போய்விட்டது. எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். வேலைக்கு முன்பே சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, ஹெட்லைட்டின் பின்னாலுள்ள திருகால், டேஷ்போர்டு சக்கரத்தை 0-இல் வைத்துக்கொண்டு, பழைய கோட்டுக்கு இறக்குங்கள். விளக்கே உயர்ந்திருப்பதால் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றால் பரவாயில்லை.